மந்திரத்துக்கு விலை எழுதும் முறை: மாயப்புனைவு எழுத வருகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வழிகாட்டி

மந்திரம் செய்தால் செய்தவருக்கே பெரிய இழப்பு வரும் ஓர் உலகத்தை வைத்து நாவல் எழுத உட்காருகிறீர்கள். முதல் மூன்று அத்தியாயம் தடையில்லாமல் ஓடும். நான்காவதில் உங்கள் பாத்திரம் ஒரு சிக்கலில் மாட்டும். மந்திரம் போட்டால் தப்பலாம், ஆனால் போட்டால் எதை இழக்கும் என்று உங்களுக்கே தெரியாது. எழுத்து அந்த இடத்தில் நின்றுவிடும். நிற்காமல் அந்த நேரத்தில் வாயில் வந்த விலையை வைத்தால், பத்தாம் அத்தியாயத்தில் அதுவே காலை வாரும்.

இங்கே சொல்லும் ஒழுங்கில் போனால் அந்த அலைச்சல் மிச்சம். முதல் நாளிலிருந்து அச்சுப் பிரதி கைக்கு வரும்வரை பத்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் ஐந்து வாரம் கதையில் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

1. மந்திரத்துக்கு முன் விலையை எழுதுங்கள்

வீட்டில் ஒரு காணி உறுதி இருந்தால் எடுத்து விரித்துப் பாருங்கள். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், கொடுக்கப்படுவது எது, அதன் நான்கு எல்லைகள் எவை, பெறுமதி எவ்வளவு, திகதி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். கீழே நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்து வைத்திருப்பார்கள். இலங்கையில் காணி கைமாற இது கட்டாயம். உங்கள் உலகத்தின் ஒவ்வொரு மந்திரத்துக்கும் இதே அமைப்பில் ஒரு பக்கம் எழுதுங்கள். அதை விலைப் பத்திரம் என்று வைத்துக்கொள்வோம்.

புதியவர்கள் தவறவிடுவது எல்லைகளைத்தான். "அவள் குரலை இழப்பாள்" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். குரலுக்கு நான்கு எல்லை போடுங்கள். பேச்சு போகிறது, சரி. அழும்போது சத்தம் வருமா? இருமல்? கனவில் பேசுவாளா? குழந்தையைத் தூங்க வைக்க மூக்கால் முனகுவாளே, அது இருக்குமா? நான்கு கேள்விக்கும் ஆம், இல்லை என்று பதில் எழுதினால்தான் அந்தப் பத்திரம் செல்லும். எல்லை போடாத காணியில் வேலிச் சண்டை வருவதுபோல, எல்லை போடாத விலையில் வாசகர் உங்களோடு சண்டைக்கு வருவார்.

சாட்சிகளையும் விடாதீர்கள். விலை கொடுக்கப்பட்டது யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாத இழப்பைக் கதைக்குள் கொண்டுவருவது மிகக் கடினம். குறைந்தது இரண்டு பேருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும், அந்த இரண்டு பேரும் கதையில் இருக்க வேண்டும்.

ஒரு நாவலுக்கு ஐந்து மந்திரம் போதும். ஐந்து பத்திரத்துக்கும் ஒரு வாரம்.

2. விலையின் வகையைத் தெரிவு செய்யுங்கள்

இதற்கு வெளியூர்க் கதைகளைத் தேடிப் போக வேண்டாம். கொடுக்கல் வாங்கலில் நம்மூர் பழகிய வடிவங்கள் நான்கு இருக்கின்றன.

அடகு: பொருள் அவரிடம், பணம் உங்களிடம். தவணைக்குள் வட்டியோடு கட்டினால் மீட்கலாம், தவறினால் ஏலம். மந்திரவாதி தன் தாயின் முகத்தை ஒரு வருடத்துக்கு அடகு வைக்கிறான் என்றால், பதினோராம் மாதத்தின் பதற்றம் உங்களுக்குக் கேட்காமலே கிடைக்கும்.

ஒற்றி: யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் வேரூன்றிய முறை. கடன் கொடுத்தவர் காணியை ஆளுவார், அதன் விளைச்சல் அவருக்கு வட்டிக்குப் பதிலாகப் போகும். முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பும். கனமான விலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. கை உங்களுடையதுதான், உங்கள் உடம்பில்தான் இருக்கிறது, ஆனால் அதன் உழைப்பு வேறொருவருக்குப் போகிறது. வட்டி ஏறாது, தவணையும் முடியாது, முதல் மட்டும் அப்படியே நிற்கும். இருபது வருடம் ஒற்றியில் கிடக்கும் கையோடு ஒருவன் சீவிக்கலாம்.

அறுதி: விற்றால் விற்றதுதான். நாவலில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

சீட்டு: பன்னிரண்டு பேர், பன்னிரண்டு மாதம். எல்லோரும் மாதாமாதம் போடுவார்கள், ஒருவர் எடுப்பார். ஊர்ப்பெண்கள் பன்னிரண்டு பேர் ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் நினைவைப் போட்டு, எடுப்பவள் அதில் ஒரு பெரிய மந்திரம் செய்கிறாள் என்று வையுங்கள். முதல் மாதம் எடுத்தவள் மீதிப் பதினொரு மாதமும் போடாமல் ஓடிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம்மூரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒரே மந்திரத்தில் இரண்டு வகையைக் கலக்காதீர்கள். அடகு என்று தொடங்கிய விலை, உங்களுக்குக் கண்ணீர் தேவைப்பட்ட அத்தியாயத்தில் அறுதியாகிவிடக் கூடாது.

3. கணக்குப் பாருங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கல்குலேட்டரும் வேண்டும்.

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழே உவர் நாற்பது அடி ஏறும். மேலே நின்று பார்க்கிறவருக்கு ஓர் அடிதான் தெரியும். வாளித் தண்ணீர் கரிக்கும்போதுதான் மீதி தெரியவரும். விலையுள்ள மந்திரத்துக்கு இதைவிட நல்ல பாடம் நம் காலடியில் வேறு இல்லை.

உங்கள் கற்பனைத் தீவில் இருபது கிணறு, எல்லாம் உவர். மந்திரம் செய்கிறவர் ஒரு கிணற்றின் உவரை ஒரு வருடத்துக்கு இறக்கி வைக்கலாம். விலை, நாக்கிலிருந்து ஒரு சுவை, அறுதியாக. அறுசுவையில் உவர்ப்பு முதலில் போகும், இனிப்பு கடைசியில். ஆக ஒருவர் வாழ்நாளில் ஆறு முறைதான் செய்யலாம்.

தீவில் பெரியவர்கள் முந்நூறு பேர் என்றால் மொத்தம் 1800 சுவை. வருடத்துக்கு இருபது செலவு. தொண்ணூறு வருடம் ஓடும். அதற்குள் பிறக்கிற பிள்ளைகள் வேறு. அப்படியென்றால் இந்த விலை மலிவு, யாரும் அவசரப்படத் தேவையில்லை, கதையும் இல்லை. காகிதத்தில் கணக்குப் பார்க்காமல் இது தெரியவே தெரியாது.

இப்போது ஒரு நிபந்தனை போடுங்கள்: அந்தத் தீவின் கிணற்றுத் தண்ணீரில் பிறந்து வளர்ந்து இன்று நாற்பது வயது தாண்டியிருப்பவர்களால் மட்டுமே முடியும். அப்படி அறுபது பேர். 360 சுவை, வருடத்துக்கு இருபது. பதினெட்டு வருடம். இன்று பிறந்த பிள்ளை வயதுக்கு வரும்போது தீவில் சுவை தெரிந்த முதியவர் ஒருவரும் இருக்கமாட்டார். கதை இங்கே வந்துவிட்டது, அதை நீங்கள் இழுத்து வரவில்லை.

கணக்கு முடிந்தபின் அந்த விலையை ஒரே ஒரு முறை மிகக் கிட்டத்தில் நின்று எழுதிப் பாருங்கள். இப்படி:

அடுப்படியில் ஒடியற்கூழ் கொதிக்கிறது. நண்டும் இறாலும் மரவள்ளியும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் வெந்து, ஒடியல் மாவைக் கரைத்து விட்டாயிற்று. பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்தாயிற்று. ஆச்சி அகப்பையிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்குகிறாள். இன்னொரு சொட்டு. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "பிள்ளை, உப்புக் காணுமோ எண்டு ஒருக்கா பார்" என்கிறாள். நாற்பது வருடம் ஆச்சி யாரிடமும் உப்புப் பார்க்கச் சொன்னதில்லை. பேத்தி பனையோலைப் பிளாவைக் கையில் வாங்கியபடி கிணற்றடியைப் பார்க்கிறாள்.

மந்திரம் என்ற சொல்லே அதில் இல்லை. விலை முழுவதும் இருக்கிறது. ஐந்து பத்திரத்துக்கும் இப்படி ஒவ்வொரு பத்தி எழுத முடியவேண்டும். எழுத வராத பத்திரத்தை அடித்துவிட்டு வேறு விலை பாருங்கள்.

இந்தப் படியின் பெரிய பொறி பணக்காரர். காசுள்ளவர் அடுத்தவர் நாக்கைக் கூலிக்குப் பிடிக்கலாமா? முடியும் என்றால் அந்தக் கூலி எவ்வளவு, அதை யார் ஏற்பார், ஏன்? முடியாது என்றால் எது தடுக்கிறது? இரண்டில் ஒன்றைப் பத்திரத்தில் எழுதியே ஆகவேண்டும்.

4. தவணை குறியுங்கள்

விலை எப்போது விழும் என்பது விலையின் பாதி. உடனே விழுவது சண்டைக் காட்சிக்கு உதவும், ஆனால் அடுத்த பக்கத்தில் மறந்துபோகும். தவணையில் விழுவதுதான் நீண்ட கதையைத் தாங்கும்.

நாள் குறிக்க நம் வருடமே போதும். தகப்பன் வழியில் வந்த மந்திரத்துக்கு ஆடி அமாவாசை, தாய் வழியில் வந்ததற்குச் சித்திரா பௌர்ணமி. பெற்றோரை இழந்தவர்கள் விரதமிருக்கும் நாட்கள் என்பதால் வாசகர் மனதில் எடை ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த தலைமுறைக்குத் தள்ளும் விலை வேண்டுமா? பனை பாளை விட ஏறத்தாழப் பதினைந்து வருடம் எடுக்கும். இன்று கொட்டை போட்டவர் செய்த மந்திரத்துக்கு, பதினைந்தாம் வருடம் அந்த மரத்தில் ஏறுகிறவர் கட்டுவார்.

கவனம்: அமாவாசையும் பௌர்ணமியும் ஆங்கிலத் திகதியில் வருடாவருடம் நகரும். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் நம்மிடம் புழக்கத்தில் இருப்பதால் சில விசேடங்கள் ஒரு நாள் முன்பின்னாகவும் வரும். கதை மூன்று வருடம் நடந்தால் ஒரே பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடத்துக்கும் நாளை எழுதி வையுங்கள்.

5. யாருடைய சொத்து என்று பாருங்கள்

மந்திரவாதி கொடுக்கும் பொருள் முழுக்க அவருடையதுதானா? தேசவழமை சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. பெற்றோர் வழியில் வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு தேடியது தேடியதேட்டம். நினைவுகளையும் திறமைகளையும் இதேபோலப் பிரித்துப் பாருங்கள். தகப்பனிடம் கற்ற நாதஸ்வரம் முதுசம். அம்மா கொடுத்துவிட்ட கைப்பக்குவம் சீதனம். முதற்பிள்ளை பிறந்த இரவின் நினைவு தேடியதேட்டம், அதில் மனைவிக்கும் பங்குண்டு. அதைக் கணவன் தனியாக மந்திரத்துக்குக் கொடுத்தால், மனைவியின் மனதிலிருந்தும் அது போகுமா?

பங்குக் காணியை வெளியாருக்கு விற்குமுன் பங்காளருக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் நம் வழமை. மந்திரத்துக்கு முன் குடும்பத்தைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்ற விதி உங்கள் உலகத்தில் இருந்தால், ஒரு முழு அத்தியாயம் அந்தத் திண்ணையிலேயே நடக்கும். கேட்காமல் செய்கிறவரின் குற்றமும் எல்லோருக்கும் விளங்கும்.

6. இரண்டு விலைகளில் மிகக் கவனம்

முதலாவது, கண்ணும் காலும். உறுப்பை விலையாக வைப்பது சுலபமாகத் தோன்றும். போரில் கால் இழந்தவர்களும் கண் இழந்தவர்களும் நம் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள், உங்கள் நாவலை வாசிப்பார்கள். "பேராசைப்பட்டான், கால் போயிற்று" என்று எழுதினால், ஊனம் என்பது தவறுக்குக் கிடைத்த தண்டனை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுகிறீர்கள். உறுப்புத்தான் விலை என்றால், அந்த மனிதர் அதன்பிறகு எப்படி வேலைக்குப் போகிறார், எதில் ஏறுகிறார், யாரோடு சிரிக்கிறார் என்று முழு வாழ்க்கையையும் எழுதுங்கள். அதற்கு இடமில்லாவிட்டால் வேறு விலை வையுங்கள்.

இரண்டாவது, காணாமல் போனவரைத் திரும்பக் கொண்டுவரும் மந்திரம். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் இருக்கும் தாய்மார் எந்த விலையையும் கொடுப்பார்கள். அந்த மந்திரத்தை எழுதாதீர்கள் என்று சொல்லமாட்டேன். மூன்று பக்கத்தில் முடிக்காதீர்கள். அது வந்தால் நாவல் முழுவதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

7. நான்கு கொப்பி

விலைக் கொப்பி: ஐந்து பத்திரமும் இதில். எழுதியபின் மாற்றினால் பழையதை அடித்துப் புதியதைப் பக்கத்தில் எழுதுங்கள், கிழிக்க வேண்டாம்.

ஐந்தொகைக் கொப்பி: ஒவ்வொரு மந்திரமும் நடந்த அத்தியாயம், செய்தவர், போன பொருள், மிச்சம். ஆச்சியிடம் இன்னும் எத்தனை சுவை என்று எந்த நேரமும் இதைத் திறந்து சொல்ல முடியவேண்டும்.

நாட்கொப்பி: பஞ்சாங்க நாட்கள், வயது, தவணைகள்.

இழக்குமுன் கொப்பி: இதுதான் பலரிடம் இருக்காது. எட்டாம் அத்தியாயத்தில் ஒரு பொருள் போகிறதென்றால், அதற்குமுன் குறைந்தது மூன்று இடத்தில் வாசகர் அதைப் பார்த்து ஆசைப்பட்டிருக்க வேண்டும். அந்த மூன்று இடங்களின் அத்தியாய எண்ணை இதில் குறியுங்கள். குறிக்க முடியாவிட்டால் அந்த இழப்பு யாருக்கும் வலிக்காது.

போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். காகிதத்தில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று.

8. எழுதுங்கள்

45,000 சொல் என்று வைப்போம். நாளுக்கு 500, வாரம் ஐந்து நாள், பதினெட்டு வாரம். முடிந்ததும் இரண்டு வாரம் தொடாதீர்கள். பிறகு மூன்று பேருக்குக் கொடுங்கள்: மாயக்கதை நிறைய வாசிக்கிறவர் ஒருவர், வாசிக்கவே வாசிக்காதவர் ஒருவர், ஐம்பது வயது தாண்டியவர் ஒருவர். "நல்லா இருக்கோ" என்று கேட்க வேண்டாம். "எந்த விலையை நீங்கள் கொடுத்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். மூவரும் ஒரே விலையை யோசிக்காமல் சொன்னால் அது மலிவு. இதற்கு நான்கு வாரம், திருத்தத்துக்கு ஆறு.

கடைசி அத்தியாயத்தில் இழந்ததைத் திருப்பிக் கொடுக்கும் ஆசை கட்டாயம் வரும். அடகென்றால் கொடுக்கலாம். அறுதி என்று எழுதியிருந்தால் கை வைக்காதீர்கள்.

9. அச்சுக்குக் கொடுப்பது

யுனிகோடில் எழுதுங்கள். சில அச்சகங்களில் இன்னும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துரு புழக்கத்தில் இருக்கிறது. மாற்றும்போது ஸ்ரீ, மேற்கோள் குறி, இடையில் வரும் ஆங்கில எழுத்து எல்லாம் குழம்பும். யுனிகோடிலேயே பக்கம் அமைத்தாலும், மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்புப் போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். முழுப் புத்தகத்துக்கும் முன்பு பத்துப் பக்கம் மட்டும் அமைத்துத் தரச் சொல்லிப் பாருங்கள்.

ஏ5 அளவில் பக்கத்துக்கு ஏறத்தாழ 230 சொல் என்றால் 196 பக்கம். முன்பக்கங்கள் எட்டு. மொத்தம் 204. பதினாறு பக்கப் படிவமாக, அதாவது ஒரு தாளில் பதினாறு பக்கமாக, அச்சிட்டால் பதின்மூன்று படிவம், 208 பக்கம். நாலு பக்கம் வெறுமையாக மிஞ்சும், அது பரவாயில்லை. 210 ஆனால்தான் நட்டம், இரண்டு பக்கத்துக்காக இன்னொரு படிவம் ஏறும்.

விலை கேட்கும்போது வாய்ச்சொல்லில் விடாமல் எழுத்தில் வாங்குங்கள்: தாளின் தடிப்பு, அட்டையின் தடிப்பு, லமினேஷன், தைத்துக் கட்டுவதா ஒட்டுவதா, பிழை பார்க்கும் பிரதியான மெய்ப்பை எத்தனை முறை தருவார்கள், முற்பணம் எவ்வளவு, என்ன திகதிக்குத் தருவார்கள். குறைந்தது இரண்டு அச்சகத்தில், அதே விபரத்தோடு. 300 பிரதிக்கும் 500 பிரதிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பிரதி கூடக் கூட ஒன்றின் அடக்கவிலை குறையும், ஆனால் விற்காத இருநூறு பிரதி கட்டிலுக்குக் கீழேதான் இருக்கும்.

சர்வதேச தராதர நூல் எண்ணை (ISBN) தருவது கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. திருத்த வேலை நடக்கும்போதே விண்ணப்பியுங்கள், அட்டை முடிந்தபின் ஓடாதீர்கள். 13 இலக்கத்தில் வரும், இலங்கை நூலுக்கு 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். வந்ததும் அட்டையிலும் உள்பக்கத்திலும் இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். பதிப்புரிமைக்குத் தனிப்பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவுடனே அது உங்களுடையது, உங்கள் காலத்துக்குப் பிறகும் எழுபது வருடம். பதிவு செய்து தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பக்கம் அமைக்க மூன்று வாரம், மெய்ப்புக்கு இரண்டு, அச்சுக்கும் கட்டுக்கும் மூன்று. நல்லூர்த் திருவிழா நாட்களில் வெளிநாட்டு உறவுகள் ஊரில் நிற்பார்கள். வெளியீட்டை அந்த இருபத்தைந்து நாளுக்குள் வைக்க விரும்பினால் முதல் வருடம் ஐப்பசி மழைக்கு முன்பே விலைப் பத்திரத்தைத் தொடங்கியிருக்க வேண்டும்.

கடைசி மெய்ப்பைப் பார்க்கும்போது எழுத்துப்பிழை ஒரு கண், ஐந்தொகைக் கொப்பி மறுகண். கூழ்ச்சட்டிக்குப் பிறகு வரும் எந்தப் பக்கத்திலாவது ஆச்சி தானே உப்புப் பார்த்துப் போட்டிருந்தால், அந்த வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு அகப்பையைப் பேத்தியின் கையில் கொடுங்கள்.